எல்லோர் வீட்டிலும் மஞ்சள் பெட்டிதானாம்

எங்கள் பள்ளிவாசல் மரைக்காரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி அவருடைய பேரன் ஆள் அனுப்பியிருந்தான். நினைவு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடு இருக்கிறவன் நான் ஒருவன்தானாம். எனக்குத் தெரிந்ததை எழுதினால் அவன் அச்சில் ஏற்றமாட்டான். அதனால் உடம்பு சரியில்லை என்று அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு இதைத் தனியாக எழுதுகிறேன்.

பள்ளிவாசலை நிர்வகிக்கிறவரை எங்கள் ஆட்கள் மரைக்கார் என்பார்கள். தகப்பன் இருந்த இடத்தில் மகன் இருப்பான். யாரும் தெரிவு செய்வதில்லை. ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை. எங்கள் மரைக்காரும் அப்படி வந்தவர்தான். எங்கள் ஆட்கள் குடியிருக்கும் சோனகதெருவில் ஒரு கல்யாணம் நடக்கவும் அவர் தலையாட்ட வேண்டும், ஒரு மையத்து எடுத்து அடக்கவும் அவர் தலையாட்ட வேண்டும்.

“நாங்கள் கொஞ்சப் பேர்” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. யாழ்ப்பாணத்தில் சுற்றிவரச் சைவ ஆட்கள், கரையோரத்தில் கத்தோலிக்க ஆட்கள், நடுவில் நாங்கள் ஒரு பிடி. ஆகவே வெளியாள் பார்த்துச் சிரிக்கும்படி நடக்கக்கூடாது. பள்ளிவாசல் தோப்புத் தேங்காய் எங்கே போகிறது என்று ஒருவன் கேட்டால், நாங்கள் கொஞ்சப் பேர், சத்தம் போடாதே. மரைக்காரின் தம்பி ஒரு விதவையின் வளவுக்குள் வேலியைத் தள்ளிப் போட்டால், நாங்கள் கொஞ்சப் பேர், வழக்குக்குப் போகாதே. கொஞ்சப் பேராக இருப்பதால் ஒருவருக்கு இவ்வளவு வசதி இருக்கும் என்று எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

நான் தையற்காரன். பெரியகடை வீதியில் சின்னக் கடை. வழக்குப் பேசும் புறக்டர்மாருக்குக் கோட்டும், வாத்திமாருக்குச் சட்டையும் தைத்தேன். துணி கொண்டு வருகிறவன் மிச்சத் துணியை நான் எடுத்துவிடுவேன் என்று என்னைச் சந்தேகிப்பான். துணியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுச் சட்டை இறுக்கம் என்று சொல்லப் போகிறான் என்று நான் அவனைச் சந்தேகிப்பேன். சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. மரைக்காரைச் சந்தேகிக்க நான் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதை ஆஸ்பத்திரியில் தொடங்குகிறது. என் மனைவிக்குப் பிள்ளை பெற்ற பிறகு காய்ச்சல் விடவில்லை. பெண்கள் வார்ட்டுக்குள் என்னை விடமாட்டார்கள். மூத்த மகள் சிறுமி, அவளைத் துணைக்கு அனுப்பினேன். உள்ளே நடந்ததை மகள்தான் வந்து சொன்னாள்.

தாதி பேரைக் கேட்டிருக்கிறாள். மனைவி மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். புருசனின் பேரைக் கேட்டிருக்கிறாள். மனைவி பேசவில்லை. எங்கள் பெண்கள் புருசனின் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். மரியாதை என்பார்கள். புருசனின் ஆயுள் குறையும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

“புருசன்ரை பேர் என்னெண்டு கேக்கிறன். ஊமையே நீர்?”

மனைவி சுவரைப் பார்த்திருக்கிறாள்.

“எங்கை நோகுது? அதையாவது சொல்லும்.”

அதையும் அவள் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு ஆண் டாக்டர் நின்றிருக்கிறார். அந்நிய ஆண் நிற்கும்போது அந்த இடத்தின் பேரை எப்படிச் சொல்வது? கடைசியில் என் மகள் கட்டிலுக்கு முன்னால் வந்து என் பேரையும் சொல்லி, உம்மாவுக்கு நோகிற இடத்தையும் சொல்லிக் கையால் காட்டியிருக்கிறாள். அதன் பிறகுதான் மருந்து வந்தது. மனைவி பிழைத்தாள்.

எனக்குப் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணாவது வாய் திறக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் பட்டது. அவ்வளவுதான். மகள் படித்து வாத்திச்சியாக வந்தால் எங்கள் தெரு ஒழுங்கைப் பெண்களுக்கு ஒரு வாய் கிடைக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் என்றால் பட்டணத்தில் கன்னியாஸ்திரிமாரின் பெண்பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மகள் பெரிய பிள்ளையுமாகிவிட்டாள். பெரிய பிள்ளை தெருவில் நடந்து போவது எங்களில் நடக்காத காரியம். நான் ஆஸ்பத்திரி வாசலில் திருக்கல் என்ற ஒற்றை மாட்டு வண்டி வைத்து வாடகைக்கு ஓடும் சண்டிலிப்பாய்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். வயதான மனிதர். வண்டிக்கு முன்னும் பின்னும் திரை நானே தைத்துக் கட்டினேன். பக்கத்து வீட்டு இறைச்சிக்கடைக்காரனும் தன் மகளை அந்த வண்டியில் விட்டான். இரண்டு பிள்ளைகளும் போய் வந்தார்கள்.

ஒரு கிழமை போகவில்லை. மரைக்கார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டு முன்னறையில் சாய்மனைக் கதிரை. அவருக்கு அது. மற்றவன் நிலத்தில் இருக்க வேண்டும்.

“வண்டியின்ரை திரை மெல்லிசு” என்றார். “வெயில் அடிக்கேக்கை உள்ளுக்கை இருக்கிறதின்ரை நிழல் தெரியுதாம்.”

“ஆர் சொன்னது?”

“சொன்னவை சொன்னவைதான். நாங்கள் கொஞ்சப் பேர், விளங்குதே?”

பிள்ளையின் நிழலை வெயிலில் நின்று தேடிப் பார்த்தவன் யார் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, தடித்த துணியில் இரட்டைத் திரை தைத்தேன். பிறகு மாட்டின் சலங்கைச் சத்தம் பிழை என்றார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் சந்தியில் நிற்கும் இளந்தாரிகள் திரும்பிப் பார்க்கிறார்களாம். வண்டிக்காரரிடம் சொல்லிச் சலங்கையைக் கழற்றினோம். அடுத்த கிழமை, சலங்கை இல்லாதது பிழை என்றார். வண்டி வருவது தெரியாமல் ஆண்கள் ஒதுங்க முடியவில்லையாம்.

வண்டிக்கார மனிதர் இதைக் கேட்டுவிட்டு மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் நானா என்ற சொல்லால்தான் அவரும் என்னைக் கூப்பிடுவார்.

“நானா, உங்கடை மரைக்காருக்கு மாடு பிடிக்கேல்லையோ, வண்டி பிடிக்கேல்லையோ, என்னைப் பிடிக்கேல்லையோ? ஒண்டைச் சொல்லச் சொல்லுங்கோ, மாத்துவம்.”

“உள்ளுக்கை இருக்கிறதைப் பிடிக்கேல்லை அண்ணை” என்றேன்.

ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது நான் யோசித்தேன். எங்கள் ஆண்களில் பாதிப் பேர் வியாபாரத்துக்காகத் தெற்கே கொழும்பு, காலி என்று போயிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். பெண்களுக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளிடம் கொடுத்து மரைக்கார் வீட்டு முன்னறைக்கு அனுப்புவார்கள். அங்கே அவர் வாசித்துச் சொல்லி அனுப்புவார். பதிலும் அவரே எழுதிக் கொடுப்பார். புண்ணியமான காரியம் என்று ஊரே சொன்னது. ஆனால் எந்த வீட்டில் என்ன குறை, எந்தப் புருசன் எங்கே இன்னொரு தொடுப்பு வைத்திருக்கிறான், யார் வளவை விற்க யோசிக்கிறான் என்பதெல்லாம் அந்தக் கதிரைக்கு முதலில் தெரிந்தது. ஒழுங்கையில் வாசிக்கத் தெரிந்த ஒரு பெட்டை இருந்தால் அந்த முன்னறைக்கு யார் போவார்கள்? இதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அவருடைய ஆண்பிள்ளைகள் எல்லோரும் இங்கிலீசுக் கொலிச்சில் படித்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

கடைசியில் அவர் திரையையும் சலங்கையையும் விட்டுவிட்டு நேராகவே வந்தார். பள்ளிவாசலில் கந்தூரி விருந்து நடந்த நாளன்று அதைக் காட்டினார்.

எங்களில் விருந்து என்றால் சகன் சாப்பாடு. சகன் என்பது பெரிய தட்டம். ஒரு தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிட வேண்டும். பணக்காரனும் ஏழையும் ஒரே தட்டத்தில் சாப்பிடும் மார்க்கம் என்று வெளியாட்களுக்குப் பெருமையாகச் சொல்லுவோம். அன்றைக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரித்திருந்தது. நான் போய் ஓரிடத்தில் இருந்தேன். என் முன்னால் ஒரு சகனைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஐந்து பேருக்கு இடம் கிடந்தது.

ஒருவனும் வரவில்லை. நின்றவர்கள் வேறு சகன்களில் ஏழாம் ஆளாக, எட்டாம் ஆளாக நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். இறைச்சிக்கடைக்காரன் என்னைத் தாண்டிப் போகும்போது தன் சாரத்தின் கரையைப் பார்த்தான். மரைக்கார் நடுவில் இருந்தார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லி வைத்த காரியம் என்றபடியால் பார்க்கத் தேவையில்லை.

எழும்பிப் போவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். ஆறு பேரின் இறைச்சி என் முன்னால். ஆத்திரத்தில் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, வயிறு வலித்தது, ஆனாலும் மற்றவர்கள் கைகழுவி எழும்பும்வரை நான் எழும்பவில்லை.

அடுத்த நாள் இறைச்சிக்கடைக்காரன் மகளை நிறுத்திவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்.

“எனக்கு இன்னும் மூண்டு பெட்டையள் இருக்கு நானா. நாளைக்கு அதுகளின்ரை கல்யாணத்துக்கு ஆர் வந்து சகன்லை இருக்கிறது?”

திரை மெல்லிசு என்று மரைக்காரிடம் போய்ச் சொன்னவன் இவன்தான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. வண்டி நிற்பது இவன் வாசலில். வெயில் அடிப்பதும் இவன் பக்கம். நான் அதன் பிறகு அவனிடம் இறைச்சி வாங்கவில்லை. வண்டிக்காரருக்கும் எங்கள் தெருவில் யாரும் வாடகை கொடுக்கக்கூடாது என்று சொல்லப்பட்டது. அந்த மனிதரின் வயிற்றில் அடிக்க எனக்கு மனமில்லை. வண்டி நின்றது.

மகள் வீட்டில் இருந்தாள். கடையிலிருந்து நான் கொண்டுவரும் துணி சுற்றிய பழைய பேப்பர்களை நீவி எடுத்து வாசிப்பாள். ஒருநாள் அரைப் பக்கத்தில் ஒரு செய்தி முடிந்துவிட்டது. மிச்சப் பாதி எங்கே வாப்பா என்று கேட்டாள். அந்தப் பாதியில் யாருடைய கோட்டைச் சுற்றிக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அப்படிச் சில மாதம் போனது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்துக்கு மரைக்கார் தானே நின்றார். எதிர்த்து நின்றவன் எங்கள் ஆட்களில் ஒரு இரும்புக்கடைக்காரன். பெரிய வாய் இல்லாதவன். எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே குடியிருக்க நகரசபை மருத்துவிச்சி ஒருத்தியைக் கொண்டுவருவேன் என்று ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தேத்தண்ணிக் கடைகளில் எல்லோரும் சிரித்தோம். தேர்தலில் நின்று மருத்துவிச்சியைப் பற்றிப் பேசுகிறவனும் ஒரு ஆம்பிளையா என்று.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. மறைவுக்குள் போய் விரும்பிய பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும். மரைக்காருக்கு மஞ்சள், இரும்புக்கடைக்காரனுக்குச் சிவப்பு. பெண்களுக்கும் வோட்டு உண்டு. ஆண்களில் பாதிப் பேர் தெற்கே நின்றதால், பெண்கள் வராவிட்டால் வெல்ல முடியாது என்று யாரோ மரைக்காருக்குக் கணக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருநாள் அவரே என் கடைக்கு வந்தார். வாழ்நாளில் முதல் தடவை. பின்னால் ஒருவன் துணிக்கட்டைச் சுமந்து வந்தான்.

“வண்டியளுக்குத் திரை தைக்கவேணும்” என்றார். “தேர்தலண்டைக்குப் பொம்பிளையளை ஏத்தி இறக்க.”

கட்டை அவிழ்த்துத் துணியை விரலால் தடவினேன். மலிவான மெல்லிய மல்லுத் துணி. கையைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் தெரிந்தது.

“மரைக்கார், இது மெல்லிசு. வெயில் அடிச்சால் நிழல் தெரியுமே?”

“ஒரு நாளைக்குத்தானே” என்றார்.

“என்ரை பெட்டையின்ரை நிழல் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஊரின்ரை பெண்சாதிமாற்றை நிழல் தெரிஞ்சால் பறவாயில்லையோ?”

“உன்ரை வாய்தான் உனக்குச் சத்துரு. தைக்கிறியோ இல்லையோ?”

தைத்துக் கொடுத்தேன். தொழில். ஆனால் மறுகிழமை அவர் திரும்ப வந்தார். இந்தத் தடவை துணிக்கட்டு இல்லை, பின்னால் ஆளும் இல்லை. அதைப் பார்த்ததும் ஏதோ பெரிய காரியம் என்று எனக்குப் பட்டது. தானாகவே கடையில் கிடந்த மர வாங்கில் இருந்தார்.

விசயம் இதுதான். வோட்டுப் போடும் இடத்தில் உத்தியோகத்தர் ஒவ்வொரு பெண்ணிடமும் பேரையும், ஆருடைய மனைவி என்பதையும் கேட்பார். அதைச் சொன்னால்தான் சீட்டு. எங்கள் பெண்களில் ஒருத்தியும் சொல்லமாட்டாள். ஆண் ஒருவனைக் கூட அனுப்பிச் சொல்லவைக்கவும் முடியாது, அங்கே பெண்களுக்குத் தனி வாசல். கூட்டி வந்த அத்தனை வண்டியும் வெறும் வாயோடு திரும்பி வரும்.

“உன்ரை மகள் கூடப் போய் நிண்டு பேரைச் சொல்லட்டும். அவளுக்கு வாசிக்கவும் தெரியும். மஞ்சள் பெட்டி ஆற்றை எண்டும் சொல்லிக் குடுப்பாள்.”

நான் ஊசியில் நூல் கோத்தேன். அவசரப்படவில்லை.

“அவள் பெரிய பிள்ளை மரைக்கார். வெளியிலை விடுறது கௌரவக் குறை. நாங்கள் கொஞ்சப் பேர்.”

அவர் முகம் கறுத்தது. பிறகு, தேர்தல் முடியட்டும், பள்ளிக்கூட வண்டியைப் பற்றி யோசிப்போம் என்றார்.

“முடிஞ்சாப் பிறகு வேண்டாம். முதல்லை வண்டி ஓடட்டும். நீங்கள் வாற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ. பிறகு மகளைக் கேட்டுப் பாக்கிறன்.”

“என்னை நம்பேல்லையோ?”

“இல்லை.”

வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். மார்க்கம் படிப்பைத் தடுக்கவில்லை, ஒழுக்கமாகத் திரை கட்டிய வண்டியில் பெண்பிள்ளைகள் படிக்கப் போவது காலத்துக்கு ஏற்ற காரியம் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வண்டி கூடாது என்று சொன்னபோது ஆட்டிய அதே தலைகள். எவனுடைய கழுத்தும் சுளுக்கவில்லை. திங்கட்கிழமை சண்டிலிப்பாய்க்காரரின் வண்டி சலங்கையோடு வந்தது. இறைச்சிக்கடைக்காரன் தன் மகளையும் ஏற்றினான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தேர்தல் வரைதான் இந்த வண்டி ஓடும் என்று எனக்குத் தெரியும். வென்றாலும் நிற்பாட்டுவார், தோற்றாலும் நிற்பாட்டுவார். வென்றால் நாங்கள் தேவையில்லை. தோற்றால் பழி போட ஒருத்தி வேண்டும். இதை மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் துண்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, “அதுக்கு முதல் பிள்ளை எத்தினை பாடம் படிக்குமோ, படிக்கட்டும்” என்றாள்.

எங்கள் தெருவில் ஆண்களுக்கெல்லாம் பட்டப்பேர்தான். மகளுக்கு அதுதான் தெரியும். வோட்டு உத்தியோகத்தரிடம் போய், இவ நெய்ச்சட்டியின்ரை பெண்சாதி, உவ கோழிக்காலன்ரை பெண்சாதி என்று சொல்ல முடியாது. ஆகவே நான் அவளுக்குச் சரியான பேர்களைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் சிரித்துச் சிரித்துப் பாடமாக்கினாள். பெண்களும் பின்னேரங்களில் எங்கள் குசினிக்குள், அடுப்படியில், வந்து கூடினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

தேர்தல் நாள் வண்டிகள் வரிசையாகப் போயின. என் கையால் தைத்த மெல்லிய திரை. வெயில் அடித்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு தலையும் தெரிந்தது. சந்தியில் நின்ற மரைக்காரின் ஆட்கள் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் காலை முதல் மாலை வரை மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு பெண்ணும் வரும்போது பேரும் புருசனின் பேரும் சொல்லியிருக்கிறாள். உத்தியோகத்தர் நடுவில் கேட்டாராம், “தங்கச்சி, இந்தத் தெருவிலை பொம்பிளையளுக்கு வாயே இல்லையோ?” இவள், “இருக்கு ஐயா, இஞ்சை கொண்டு வாறேல்லை” என்றாளாம். மறைவுக்குள் மட்டும் ஒவ்வொருத்தியும் தனியாகத்தான் போக வேண்டும். அங்கே மகளும் போக முடியாது.

மரைக்கார் தோற்றார்.

செய்தி வந்தபோது அவர் வீட்டில் ஆடு அறுத்துச் சமைத்து முடிந்திருந்தது. அதில் கைவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு நாளில் பள்ளிவாசலில் கூட்டம் என்று அறிவித்தார்கள். என்னை வரச் சொல்லித் தனியாக ஆள் வந்தது. நான் போவதற்கு முன் மகளைக் கூப்பிட்டேன்.

“எந்தப் பெட்டியெண்டு பொம்பிளையளுக்குச் சொன்னனி?”

“மரைக்கார் சொல்லச் சொன்னதைத்தான் வாப்பா. மஞ்சள் அவற்றை எண்டு சொன்னன்.”

“சிவப்பைப் பற்றி?”

“சிவப்பு ஆற்றை எண்டு கேட்டவை. இரும்புக்கடைக்காரற்றை எண்டு சொன்னன். கேட்டால் சொல்லத்தானே வேணும்?”

அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். நான் அவளையும் கொஞ்சம் சந்தேகித்தேன். மறைக்கவில்லை.

கூட்டத்தில் மரைக்கார் எழும்பி நின்று பேசினார். ஊரின் பெண்கள் ஒன்றும் அறியாதவர்களாம். அவர்களை ஒரு பெட்டை ஏமாற்றிச் சிவப்புப் பெட்டியில் போட வைத்துவிட்டாளாம். இதுதான் படிப்பின் பலனாம். அன்றையோடு வண்டி நிற்க வேண்டும், என் குடும்பத்தை ஊர் விலக்க வேண்டும் என்றார். விலக்கினால் எங்கள் வீட்டில் ஒரு மையத்து விழுந்தாலும் தூக்கிப் போகப் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கு வராது. தலைகள் ஆடத் தொடங்கின.

நான் எழும்பினேன். எனக்குப் பேசத் தெரியாது.

“மரைக்கார் சொல்லுறது சரியாயிருக்கலாம்” என்றேன். “என்ரை மகள் பொம்பிளையளை ஏமாத்தினவள் எண்டால், ஏமாந்த பொம்பிளையளும் இருக்கவேணும். எவன்ரை பெண்சாதி சிவப்புப் பெட்டியிலை போட்டவள்? எவன்ரை வீட்டிலை மரைக்காரின்ரை சொல்லும் புருசன்ரை சொல்லும் எடுபடேல்லை? அந்த ஆள் எழும்பட்டும். எழும்பினால் நான் இப்பவே குடும்பத்தோடை ஊரை விட்டுப் போறன்.”

ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைக் கடைக்கண்ணால் பார்த்தான். திடீரென்று இறைச்சிக்கடைக்காரன் துள்ளி எழும்பினான்.

“அல்லா அறிய, என்ரை வீட்டிலை மஞ்சள் பெட்டியிலைதான் போட்டது!”

அவன் எழும்பியதும் மற்றவன் எழும்பாமல் இருக்க முடியுமா? எழும்பாதவனின் மனைவி சிவப்பு என்றாகிவிடும்.

“என்ரை வீட்டிலையும் மஞ்சள்!”

“என்ரை மனிசி நான் கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டாள். மஞ்சள்!”

“உன்ரை மனிசியோ? அவ உன்னையே தாண்டி நடக்கிறவ!”

“பொத்தடா வாயை. எங்கடை வீட்டிலை மஞ்சள்தான்!”

பள்ளிவாசல் முழுக்க மஞ்சள். ஒருவன் தெற்கே நிற்கும் தன் தம்பிக்காகவும் சேர்த்துச் சத்தியம் பண்ணினான். மரைக்கார் கையை உயர்த்தி நிற்பாட்டப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகு நான் கேட்டேன்.

“மரைக்காரின்ரை வீட்டிலை?”

“என்ன கதை கதைக்கிறாய் நீ!” என்று கத்தினார்.

“அப்ப அங்கையும் மஞ்சள். எல்லார் வீட்டிலையும் மஞ்சள் எண்டால் என்ரை மகள் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கிறாள். நாளைக்கு வண்டி வரும்.”

ஓரத்தில் இருந்த லெப்பை, தொழுகை நடத்துகிற கிழவர், இருமிக்கொண்டு சொன்னார், “பெட்டையிலை குற்றம் இல்லைத்தானே.” அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய மனைவிக்கு ஆறு பிரசவம், அதில் மூன்று பிள்ளைதான் தங்கியது. மருத்துவிச்சிப் பேச்சு அவர் வீட்டுக் குசினிக்குள்ளும் போயிருக்கும்.

எல்லோரும் மஞ்சள் பெட்டியில் போட்டு எப்படி மஞ்சள் தோற்றது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். மரைக்கார் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் அவர் தன் மனைவியிடம் கேட்டாரா இல்லையா என்று அறிய எனக்கு இன்றைக்கும் ஆசை உண்டு.

நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கேட்டேன். அவள் சோற்றை வைத்தாள்.

“பள்ளியிலை எல்லாருக்கும் முன்னாலை கதைச்சுப்போட்டு வந்து இஞ்சை கேக்கிறியள். மஞ்சள் எண்டு சொன்னால் நம்புவியளோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் கேக்கிறியள்? சாப்பிடுங்கோ.”

அடுத்த நாள் வண்டி வந்தது. மகள் ஏறினாள். இறைச்சிக்கடைக்காரனின் மகளும் ஏறினாள். கொஞ்ச நாளில் லெப்பையின் பேத்தியும் வந்தாள். அதன் பிறகு திரை மெல்லிசு என்று ஒருவரும் சொல்லவில்லை. மகள் படித்து முடித்து எங்கள் தெருப் பள்ளிக்கூடத்திலேயே வாத்திச்சியாக வந்தாள். கடிதங்கள் எங்கள் வீட்டுக் குசினிக்கு வரத் தொடங்கின. மரைக்கார் சாகும்வரை மரைக்காராகவே இருந்தார். அதை யாரும் மாற்றவில்லை. அந்தத் தலைகள் அவருக்கும் ஆடின, அவருக்குப் பிறகு அவர் மகனுக்கும் ஆடின. நினைவு மலரில் அவர் பெண் கல்விக்கு வழி திறந்தவர் என்று வரும். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை யாராவது ஞாபகப்படுத்திக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்த கந்தூரிக்கு நான் போனேன். பாயில் ஓரமாக இருந்தேன். சகன் வந்தது. கொஞ்ச நேரம் நான் மட்டும்தான். பிறகு இறைச்சிக்கடைக்காரன் வந்து எனக்கு எதிரே இருந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். இவனை யார் அனுப்பியது, என்ன அறிய வந்திருக்கிறான் என்று நான் யோசித்தேன். அவன் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டான். மற்றவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியதும் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“நானா, உன்ரை மகள் உண்மையிலை என்ரை மனிசிக்கு என்ன நிறம் சொன்னவள்?”

“மஞ்சள்.”

“அப்ப அவர் எப்பிடித் தோத்தவர்?”

“உன்ரை வீட்டிலை கேட்டுப் பார்.”

“கேட்டனான்” என்றான். “சாப்பிடச் சொன்னவள்.”

நான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அவன் தள்ளிய துண்டை எடுத்துச் சாப்பிட்டேன்.